விஜயதசமியன்று அளந்த பச்சை

கொடுத்த வெளிச்சத்தில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்த்துச் சொல்வது என் தொழில்.

கோவையை ஒட்டி ஒரு கல்லூரி; அதன் பொதுக் கருவிக்கூடத்துக்கு நான் பொறுப்பாளர். என்னிடம் வருபவை நானோ படிகங்கள். குறைக்கடத்திப் பொருளைக் கண்ணுக்குத் தெரியாத துகளாக வளர்த்து, ஏதாவதொரு திரவத்தில் மிதக்க விட்டிருப்பார்கள். பார்க்கச் சாயத் தண்ணீர் மாதிரி இருக்கும். ஊதா வெளிச்சத்தைக் காட்டினால் அதைக் குடித்துவிட்டுப் பச்சையாகவோ சிவப்பாகவோ திருப்பித் தரும். உங்கள் வீட்டில் புது டிவி இருந்தால் ஒருவேளை அதற்குள்ளும் இது இருக்கும். நூறு ஒளித்துகளைக் குடித்த படிகம் எத்தனையைத் திருப்பித் தருகிறது என்பதுதான் அதற்கு மதிப்பெண்; ஆராய்ச்சிக்காரர்கள் குவாண்டம் ஈல்டு என்பார்கள். அந்த மதிப்பெண் போடுகிற வாத்தியாரம்மா நான். பதினாறு வருஷம் வெளிநாட்டில் இதே வேலையைச் செய்துவிட்டு, நாற்பத்தாறு வயதில் ஊர் திரும்பி, மூன்று வருஷமாக இங்கே செய்கிறேன்.

தராசோ டேப்போ ரத்த அழுத்தப் பட்டையோ, எதையாவது கையில் வைத்துக்கொண்டு அடுத்தவருக்கு ஓர் எண்ணைச் சொல்லிப் பிழைப்பவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். எண்ணைச் சொன்னதும் எதிரே இருப்பவர் முகம் மாறுமே, அதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

நூற்றுக்கு மேலே

ரங்கராஜ் கணபதியில் எல்.இ.டி. விளக்குப் பட்டறை வைத்திருக்கிறார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் எப்போதும் இரண்டு பேனா. விளக்கு மூடியில் பூசும் ஒளிர்பொடியை வெளியூரிலிருந்து மொத்தமாக வாங்கும் முன், ஒரு சிட்டிகை கொண்டுவந்து என்னிடம் அளந்துகொள்வார். கல்லூரிக்கு வெளியிலிருந்து எனக்கு வந்த முதல் வாடிக்கையாளர் அவர். முதல் தடவையே தொண்ணூற்றிரண்டு வந்தது. அருமையான எண். அவர் முகம் தொங்கிவிட்டது. போட்டிக்காரர் தன் விளம்பரத்தாளில் நூறு என்று போட்டிருக்கிறாராம். ஆகவே இவருக்கு நூற்றைந்து வேண்டுமாம்.

அரைமணி நேரம் பாடம் எடுத்தேன். பத்துக் குடம் ஊற்றிய தொட்டியிலிருந்து பதினோரு குடம் மொள்ள முடியாது என்றேன். நூறு வந்தது என்று யாராவது சொன்னாலே முதலில் அளந்த ஆளைச் சந்தேகப்பட வேண்டும் என்றேன். ஒவ்வொன்றுக்கும் ஆமாங்க, ஆமாங்க என்று தலையாட்டிக் கேட்டார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. எழுந்து, கைகூப்பி, சொன்னார்:

"ரைட்டுங்க மேடம், நூத்தஞ்சு வேண்டாம். ரெண்டு பேத்துக்கும் பொதுவா நூத்திரண்டுன்னு போட்டுக் குடுத்துருங்க."

வெள்ளைக் கோளம்

என் கருவியின் உயிர் ஒரு வெள்ளைக் கோளம். சின்னப் பூசணிக்காய் அளவு. உள்சுவர் முழுக்கச் சுண்ணாம்பைவிட வெள்ளையான ஒரு பூச்சு. மேலே ஒரு வாய், அதற்கு ஒரு வெள்ளை மூடி. சாம்பிளை அந்த வாய் வழியாக நடுவில் இறக்கி மூடிவிட்டால், அது எந்தப் பக்கம் ஒளிர்ந்தாலும் வெளிச்சம் சுவரில் மோதி மோதிக் கடைசியில் கணக்குக்கு வந்து சேர்ந்துவிடும். அதனால்தான் உள்ளே ஒரு தூசு ஒட்டினாலும் வினை. திரும்பத் திரும்ப மோதுகிற வெளிச்சம் அந்தத் தூசையும் திரும்பத் திரும்பப் பார்க்கும். தொடக்கூடாது, துடைக்கக்கூடாது, ஊதக்கூடாது.

எங்கள் கூடத்து உதவியாளர் தங்கவேலு அண்ணன். முப்பது வருஷம் நூல் மில்லில் இருந்துவிட்டு, மில் மூடியபின் இங்கே வந்தவர். 'வெற்று அளவு' என்றால் என்ன என்று நான் விளக்க ஆரம்பித்ததுமே பிடித்துக்கொண்டார். சாம்பிள் இல்லாமல், வெறும் குப்பியை மட்டும் இறக்கி மூடிக் கோளத்தை முதலில் அளக்க வேண்டும். பிறகு சாம்பிளோடு அளந்து, அதிலிருந்து இதைக் கழிக்க வேண்டும். மில்லில் நூல் சுற்றுகிற வெறும் பாபினின் எடையைக் கழித்துத்தானே நூல் எடை பார்ப்போம் என்றார். அதேதான். ஒவ்வொரு சாம்பிளுக்கும் முன்னால் புதிதாக ஒரு வெற்று அளவு எடுக்க வேண்டும் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிச் சுவரில் ஒட்டினேன். இரண்டும் என் கையெழுத்து. அண்ணனுக்கு அதில் ஆட்சேபணை இல்லை. கோளத்தைத் துடைக்கக்கூடாது என்பதுதான் ஒப்பவில்லை. நாலு நாள் பொறுத்துப் பார்த்தார்.

"கோயில் கருவறைக்குள்ளகூட பூசாரி போய்த் தொடைச்சுப்போட்டு வருவாருங்க மேடம். இதுக்குள்ள நீங்களே போகமாட்டீங்கறீங்க."

தூக்குப்போசி

மஞ்சுளா வந்தது ஒரு செப்டம்பர் கடைசியில். அன்னூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுப்பவர். வயது முப்பத்தேழு. வேறொரு கல்லூரியில் ஆறு வருஷமாகப் பகுதி நேரத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்தார். கடைசி வருஷத்துக்குச் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தார். கையில் ஒரு சில்வர் தூக்குப்போசி. அதற்குள் ஐஸ்கட்டி, ஐஸ்கட்டிக்கு நடுவில் துணி சுற்றிய கண்ணாடிக் குப்பி. இரண்டு பஸ் மாறி மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, ஒவ்வொன்றின் மேலும் கொழுப்பமிலத்தால் ஒரு போர்வை வேண்டும். எல்லோரும் அதை வெளிநாட்டுப் பாட்டிலில் வாங்குவார்கள். இவர் கிணத்துக்கடவில் செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெயிலிருந்து பிரித்தெடுத்திருந்தார். படிகத்திலும் விஷமான காட்மியம் கிடையாது. நல்ல வேலை. பதிவுக் காலம் ஜூனில் முடிகிறது என்றார். அதற்குள் ஏதாவதோர் ஆய்விதழ் ஒரு கட்டுரையை ஏற்றுக்கொண்டிருந்தால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும்; இல்லாவிட்டால் பதிவு ரத்து. கட்டுரையில் மற்றதெல்லாம் எழுதி முடித்தாகிவிட்டது, இந்த ஓர் எண் மட்டும் பாக்கி. ஐம்பதைத் தாண்டினால் போதும், நடுத்தரமான இதழ் ஒன்றுக்கு உடனே அனுப்பிவிடலாம் என்று அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் சொல்லியிருந்தார். நான் குப்பியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, பார்க்கவே பச்சை பிரமாதமாக இருக்கிறதே என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"பச்சையா இருக்குன்னு எனக்கே தெரியுதுங்க மேடம். எவ்வளவு பச்சைன்னு நீங்கதான் சொல்லோணும்."

மறுபூஜை

வரிசையில் காலியாக இருந்த முதல் நாள் விஜயதசமி. அன்றைக்கே வரச் சொன்னேன்.

முந்தின நாள் ஆயுத பூஜை. வெளிநாட்டில் பதினாறு வருஷமும் அந்த நாளில், யாரும் பார்க்காத நேரத்தில் மேசை டிராயருக்குள் இருக்கும் ஸ்குரூ டிரைவருக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டு டிராயரை மூடிக்கொண்டவள் நான். இங்கே வந்தபிறகு அதை வட்டியோடு கொண்டாடினேன். மஞ்சளைக் குழைத்து நானே பிள்ளையார் பிடித்தேன். கம்ப்யூட்டருக்கு மாலை, கோளத்தின் வெளிப்பக்கம் சந்தனமும் குங்குமமும். சந்தனத்தில் மஞ்சளும் கலந்திருந்தது. கருவிகளுக்கு அன்று முழு ஓய்வு. மறுநாள் காலை மறுபூஜை செய்து, பிள்ளையாரை வடக்கே ஒரு விரல்கடை நகர்த்தி வைத்துவிட்டு, கருவியைத் திறந்து முதல் வேலையைத் தொடங்க வேண்டும். அந்த முதல் வேலை மஞ்சுளாவுடையது. பிள்ளையாரை நகர்த்தும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. பத்தரையோடு நல்ல நேரம் முடிகிறது என்றார் தங்கவேலு அண்ணன், காலண்டரைப் பார்த்து.

வெற்று அளவு எடுக்க இருபது நிமிஷம் ஆகும். சுவரில் என் கையெழுத்து இரண்டு மொழியிலும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பூஜைக்கு முந்தின நாள் எடுத்த வெற்று அளவு கம்ப்யூட்டரில் இருக்கிறது, நடுவில் கருவி ஓடவே இல்லை, யாரும் தொடவும் இல்லை, அதையே கழித்துக்கொண்டால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையுறையை இழுத்து மாட்டினேன். மூடியைத் திறந்தேன், குப்பியை இறக்கினேன், மூடினேன். பத்து இருபத்தாறுக்கு எண் வந்தது. எண்பத்தொன்று.

நாங்கள் மூன்று பேரும் சுண்டல் தின்றோம். செக்கு எண்ணெயை வைத்துக்கொண்டு எண்பத்தொன்று வாங்குவது சாதாரணமில்லை என்று நான் ஆங்கிலத்தில் என்னென்னவோ சொன்னேன். மஞ்சுளா சுண்டல் தட்டைக் கீழே வைத்தார்.

"இன்னொருக்கா சொல்லுங்க மேடம். இங்கிலீசுல வேண்டாம், தமிழ்ல சொல்லுங்க."

கைப்பக்குவம்

எண்பத்தொன்றைப் பார்த்த பேராசிரியர் நடுத்தர இதழை மறந்துவிட்டார். பெரிய இடத்துக்கு அனுப்புவோம் என்றார். பெரிய இடத்துக்கு ஒரே ஒரு அளவு போதாது. மறுபடி மறுபடி செய்து அதே எண் வருகிறது என்று காட்ட வேண்டும். நவம்பரில் மஞ்சுளா இரண்டாவது தடவை செய்து கொண்டுவந்தார். அறுபத்தொன்று. மூன்றாவது, அறுபத்து மூன்று. பழைய குப்பியையே திரும்ப அளந்தேன். அறுபத்திரண்டு. படிகத்துக்கு வயதாகிவிட்டது, காற்றுப் பட்டிருக்கும், இது சகஜம்தான் என்றேன். யோசித்துச் சொன்னதில்லை அது. வைத்தியர் நாக்கைப் பார்த்ததும் பித்தம் என்பாரே, அப்படிச் சொன்னேன்.

அதன்பிறகு நான் கேட்ட கேள்விகள் எல்லாம் அவர் பக்கமே இருந்தன. ஆர்கான் வாயு சீராகப் போகிறதா, ஊசியால் செலுத்தும்போது கை நிற்கிறதா, எண்ணெய் அதே செக்கு எண்ணெய்தானா, சூடு ஏற்றும்போது அவசரப்படுகிறாரா. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொள்வார். அடுத்த மாதம் தூக்குப்போசியோடு வருவார். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. செக்கு மாற்றினார், குடுவை மாற்றினார், ஒரு தடவை விரதமிருந்து செய்து பார்த்ததாகக்கூடச் சொன்னார். அறுபது, அறுபத்திரண்டு, அறுபத்திரண்டு. ஒரு கட்டத்தில் நானே, போதும் மஞ்சுளா, அறுபத்திரண்டை வைத்து எழுதிவிடலாமே என்றேன். கைக்கு வந்த எண்பத்தொன்றை விட்டுவிட்டு எப்படி எழுதுவது என்று பேராசிரியர் கேட்கிறார் என்றார். பிறகு தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"மொதத் தடவ எப்படியோ வந்துபோச்சுங்க. இப்ப என்ற கைதான் சரியில்லீங்க மேடம்."

முத்திரை

நடுவில் தை மாதம் கொடுமுடியில் ஒரு கல்யாணம். என் மாமன் மகன் சுப்பிரமணி அங்கே லாரிகளுக்கு எடைமேடை வைத்திருக்கிறான். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, நான் அப்படி என்னதான் அளக்கிறேன் என்று கேட்டான். சொன்னேன். அளக்கிறவனுக்கு அளக்கிறவள் சொன்னால் சட்டென்று புரிகிறது. அவன் மேடைக்கு வருஷா வருஷம் அதிகாரி வந்து, தெரிந்த எடைக்கல்லை ஏற்றிச் சோதித்து முத்திரை வைத்துவிட்டுப் போவாராம். முத்திரை இல்லாமல் ஒரு லாரியை ஏற்றினாலும் மேடையைப் பூட்டிவிடுவார்களாம். உன் கருவியை யார் சோதிப்பது என்றான். நான்தான் என்றேன். பெருமையாகவே சொன்னேன், இலையைப் பார்த்துக்கொண்டு. ரசம் ஊற்ற வந்தவரை நிறுத்திவிட்டு அவன் என் பக்கம் திரும்பினான்.

"கருவிய நீ பாக்கற, செரி. உன்னைய யாரு அம்மணி பாக்கறது?"

வெள்ளைச் சட்டை

ஏப்ரல் கடைசியில் ரங்கராஜ் ஒரு புதுப் பொடி கொண்டுவந்தார். பொட்டலத்தைப் பிரிக்கும்போது கொஞ்சம் தரையில் கொட்டிவிட்டது. எங்கே கொட்டியது என்று பார்க்க விளக்கை அணைத்துவிட்டு ஊதா டார்ச்சைப் போட்டேன். பொடியைவிட அவர்தான் முதலில் எரிந்தார். வேட்டி, சட்டை, காலர் எல்லாம் நீலமாக ஜொலித்தன. துணி வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்று சலவைப் பொடியில் ஒளிர்பொருள் கலப்பார்கள், அதன் வேலை. தங்கவேலு அண்ணன் சிரித்துக்கொண்டே, சாமி ஊர்வலம் மாதிரி இருக்கிறீர்கள் என்றார். ரங்கராஜ் தன் கையை முன்னும் பின்னும் திருப்பி ரசித்துவிட்டு, அங்கே என்னங்க மேடம் பச்சையா மின்னுது என்று கோளத்தைக் காட்டினார். அக்டோபரில் வைத்த சந்தனப் பொட்டு. அழிக்கக்கூடாது என்று அண்ணன் அப்படியே விட்டுவைத்திருந்தார். மஞ்சள் கலந்திருக்குமல்லவா, மஞ்சள் ஊதா வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும் என்று ரங்கராஜுக்கு விளக்கத் தொடங்கினேன். அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை.

மூடியைக் கழற்றித் திருப்பினேன். உள்முகத்தில், ஓரமாக, மங்கலான ஒரு பச்சைப் பிறை. ஒரு கட்டைவிரலின் பாதி. கையுறையின் சுருக்கம்கூடத் தெரிந்தது. அன்று காலை மஞ்சள் பிள்ளையாரை நகர்த்திய கையால் கையுறையின் வெளிப்பக்கத்தைப் பிடித்து இழுத்து மாட்டிக்கொண்டு, அந்தக் கையுறையோடு மூடியைத் தொட்டிருக்கிறேன். மஞ்சுளாவின் படிகம் ஒளிர்கிற அதே பச்சை. அன்று மஞ்சள் கொடுத்த வெளிச்சத்தையும் அவர் படிகத்தின் கணக்கிலேயே சேர்த்து எண்பத்தொன்று என்று சொல்லியிருக்கிறேன். அப்போதே, அதே கையுறையோடு மூடியைத் திறந்து ஒரு வெற்று அளவு எடுத்திருந்தால், மஞ்சள் அதிலும் தெரிந்து கழிந்திருக்கும். அடுத்த நாளிலிருந்து ஒழுங்காக எடுத்தேன், அடுத்த நாளிலிருந்து ஒழுங்காகக் கழிந்தது. ஆக, இத்தனை எண்ணில் பொய் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றைத்தான் மஞ்சுளா, அவருடைய பேராசிரியர், நான் என்று மூன்று பேரும் ஏழு மாதமாகத் துரத்திக்கொண்டிருந்தோம். இந்த ஏழு மாதமும் வெற்று அளவின் வரைபடத்தில் பச்சைப் பக்கம் ஒரு சின்ன மேடு இருந்ததை நான் பார்க்காமலில்லை. கருவியின் விளக்குக்கு வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன். எதற்கும் வயதாகிவிட்டது என்று சொல்வது எனக்குப் பழகியிருந்தது.

நான் நாற்காலியில் உட்கார்ந்ததும், விஷயம் முழுக்கத் தெரியாவிட்டாலும், ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று ரங்கராஜுக்குப் புரிந்துவிட்டது. ஆறுதலாகத்தான் சொன்னார்.

"சாமி கும்புட்டதுல தப்பில்லீங்க மேடம். கைகழுவாம வேலைக்குப் போனதுதான் தப்பு."

பதினொரு நாள்

அந்த நிமிஷமே மஞ்சுளாவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்றேன். பெட்டியில் இருந்த புது மூடியைப் போட்டுப் பழைய குப்பியை அளந்தேன். அறுபத்திரண்டு. மஞ்சள் பட்ட மூடியைப் போட்டு, பூஜைக்கு முந்தின நாளின் அதே வெற்று அளவைக் கழித்து அளந்தேன். மஞ்சள் மங்கியிருந்ததால் எண்பத்தொன்று வரவில்லை, ஆனால் எழுபதைத் தாண்டியது. இரண்டாம் நாளே எல்லாம் உறுதியாகிவிட்டது. மீதி ஒன்பது நாளும் அதையே திரும்பச் செய்தேன். அதற்கு நான் சரிபார்ப்பு என்று பெயர் வைத்திருந்தேன். உங்கள் தொழிலில் இதற்கு என்ன பெயரோ.

அந்தப் பதினொரு நாளுக்குள் அவர் இன்னொரு தடவை படிகம் செய்துவிட்டார். பதினோராம் நாள் தூக்குப்போசியோடு வந்து நின்றவரிடம் சொன்னேன். விளக்கை அணைத்து, டார்ச்சைப் பிடித்து, மூடியில் இருந்த என் கட்டைவிரலைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். பழைய குப்பி இப்போது எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டார். அறுபத்திரண்டு என்றேன். நவம்பரிலும் அறுபத்திரண்டுதானே என்றார். ஆமாம் என்றேன். ஏழு மாதம் குப்பியில் கிடந்தும் அதன் ஒளி துளிகூடக் குறையவில்லை. வயதாகிவிட்டது என்று நான் சொன்ன படிகத்துக்கு வயதே ஆகவில்லை. எண்பத்தொன்றைவிட அரிய குணம் அது. அதை நான் நோய் என்று சொல்லியிருந்தேன். மஞ்சுளா நோட்டை எடுத்து, நான் சொல்லச் சொல்ல அவர் எழுதிவைத்த குறிப்புகளைப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"அப்ப அத்தனை தடவையும் நானு சரியாத்தான் செஞ்சிருக்கனுங்களா மேடம்?"

சனிக்கிழமை

அந்த வாரமே கட்டுரை நடுத்தர இதழுக்குப் போயிற்று, அறுபத்திரண்டோடு. அக்டோபரில் போயிருந்தால் மார்ச்சுக்குள் முடிந்திருக்கும். படித்துப் பார்க்கிற நிபுணர்கள் எடுத்துக்கொள்கிற மாதங்களை யாரும் குறைக்க முடியாது. மே போனது, ஜூன் போனது. அளவை என்னுடையது, பிழையும் என்னுடையது, ஆறு மாதம் நீட்டித்துக் கொடுங்கள் என்று பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினேன். கருவிக் கோளாறு நீட்டிப்புக்குக் காரணம் ஆகாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. கருவியில் கோளாறு இல்லை என்று நான் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். ஜூன் முப்பதோடு பதிவு ரத்தாயிற்று. ஆகஸ்டில் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். படிகத்தின் நிலைத்த தன்மையைப் பாராட்டி நிபுணர் ஒருவர் தனியாக நாலு வரி எழுதியிருந்தார். புதிதாகப் பதிவு செய்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் இனி விடுப்புக் கிடையாது என்றுவிட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மஞ்சுளா மிச்சமிருந்த குப்பிகளை வாங்கிக்கொண்டு போக வந்தார். பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்றார். மன்னிப்புக் கேட்க நான் தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று தயார் செய்து வைத்திருந்தேன். எதற்கும் அவர் இடம் கொடுக்கவில்லை. தங்கவேலு அண்ணனின் மகள் கல்யாணத்தைப் பற்றி விசாரித்தார். சாப்பிட்டீங்களா மேடம் என்று என்னைக் கேட்டார். முன்பு எப்படிப் பேசினாரோ அப்படியே பேசினார். ஒரு 'ங்க' குறையவில்லை. குப்பிகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிப் போசிக்குள் அடுக்கி மூடியை அழுத்தினார். வாசல்வரை கூடப் போனேன். மறுபடி பதிவு செய்வதாக இருந்தால் எல்லா அளவும் நான் எடுத்துத் தருகிறேன், வேறு எங்கேயும் போக வேண்டாம் என்று, வேறு சொல்லத் தெரியாமல், சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டு நின்று, போசியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"எண்பத்தொண்ண நானு கேக்கவே இல்லீங்களே மேடம். அன்னிக்கே அறுபத்திரண்டுன்னு சொல்லியிருந்தீங்கன்னா, அதுக்கே நானு அன்னூர் பூரா முட்டாய் குடுத்திருப்பனுங்க."

எங்கள் தொழிலில் எந்த எண்ணுக்கும் பின்னால், இவ்வளவு கூடலாம் குறையலாம் என்று கூட்டல் கழித்தல் போட்டுப் பிழையையும் ஓர் எண்ணாக எழுதிவிடுவோம், எழுதிவிட்ட பிறகு அந்தப் பிழை நம்முடையது இல்லை என்று ஆகிவிடுகிறது.